புழங்கிய காசும் புழங்காத காசும்

அக்கசாலையை விட்டு வெளியேறிய அன்றைய நிறம் சற்றும் மாறாத ஒரு செப்புக் காசைக் கண்டவர்கள் இன்று நம்மிடையே மிகச் சிலரே. நம் சட்டைப் பையிலும் சுருக்குப் பையிலும் கிடப்பவை எஃகுக் காசுகளும் பித்தளைக் காசுகளுமே. ஒரு பைசா, இரண்டு பைசா என்பவற்றைக் கண்ணால் காணாத தலைமுறை வளர்ந்துவிட்டது. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளோடு செல்லாதவை ஆயின. ஆகவே புதுச் செம்பின் நிறம் எத்தகையது என்பதை வாசகர்களுக்குச் சொல்லித்தான் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. அது செவ்விளநீரின் தோல் நிறம். விளக்கின் எதிரே சற்றுச் சாய்த்துப் பிடித்தால் அதன் மேல் ஒரு சுடர் ஓடும். அந்தச் சுடரை ஒருமுறை கண்டவர்கள் எளிதில் மறப்பதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் அதன் பின்னே சென்றுகொண்டிருக்கிறோம்.

செஞ்சிக் கோட்டைக்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட அனந்தபுரம் நமது ஊர். அருகில் பனமலையின் மேல் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கற்றளி நிற்கிறது. செஞ்சியோ நாயக்கர், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பலர் கைமாறிய கோட்டை. ஆட்சி மாறுந்தோறும் காசும் மாறியது. எனவே மழை பெய்து ஓய்ந்த பின் உழவுசாலில் பச்சை பூத்த செப்புக் காசு ஒன்று தலைகாட்டுவது இப்பகுதியில் புதுமையன்று. மண்ணில் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நாம் மண்ணில் தேடியவர்கள் அல்லர். நமது நாட்டமெல்லாம் எவர் கையிலும் புழங்காத காசின்மீது இருந்தது.

அதற்கு வித்திட்டவர் நம் தந்தையார். தொடக்கப் பள்ளி ஆசிரியராய் இருந்த அவர், 1957ஆம் ஆண்டு ஏப்ரலில் புதிதாய் வந்த நயா பைசாக்களில் ஏழினைச் செலவிடாமல் வெண்ணெய்த்தாளில் மடித்துத் தம் பெட்டியில் வைத்தார். ஏன் வைத்தார் என்று அவர் சொன்னதில்லை. ஏழு நயா பைசா அன்று ஓர் அணாவுக்குச் சற்றுக் கூடுதல். ஓர் ஆசிரியர் வீட்டில் அது பொருட்படுத்த வேண்டிய தொகையே.

அந்த ஏப்ரல் முதல் நாளை நம் பெரியவர்கள் பலகாலம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா; அணாவுக்கு நான்கு காலணா; ஆக ரூபாய்க்கு அறுபத்து நான்கு காலணா. 1955இல் நிறைவேறிய சட்டத்தின்படி 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா ஆயிற்று. பழைய காசும் புதுக் காசும் சில ஆண்டுகள் ஒருங்கே வழங்கின. அணா ஒன்றுக்கு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்குக் காசு ஏது? எனவே அணாவுக்கு ஆறு என்று குறைத்தார்கள். காலணாவுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல் வரும்; அதை இரண்டு என்று கூட்டினார்கள். இதன் விளைவைத் தந்தையார் கரும்பலகையில் கணக்காக எழுதிக் காட்டுவாராம். ஓர் அணாவுக்கு ஒருமிக்க உப்பு வாங்கியவர் ஆறு நயா பைசா தந்தார். அதே உப்பைக் காலணாக் காலணாவாய் நான்கு நாள் வாங்கிய ஏழை எட்டு நயா பைசா தந்தார். எவரும் ஏமாற்றவில்லை; எல்லாம் சட்டப்படியே நடந்தது. ஆயினும் இல்லாதவன் கையிலிருந்து இரண்டு காசு கூடுதலாய்ப் போயிற்று. காசு சிறிதானால் அதன் நியாயமும் சிறிதாகிவிடுவதில்லை என்பது அந்தக் கணக்கின் பாடம்.

அந்த ஏழு காசுகளை வைத்துக்கொண்டுதான் காசு பார்க்கும் கலையை நாம் பயின்றோம். பதினாறு மில்லிமீட்டர் குறுக்களவும் ஒன்றரைக் கிராம் எடையும் கொண்ட சிறு வெண்கல வட்டம் அது. ஒருபுறம் அசோகரின் சிங்கத் தலை. மறுபுறம் ஒன்று என்னும் எண்ணும், ரூபாயின் நூற்றில் ஒரு பங்கு என்னும் இந்தி வாசகமும். புழங்கிய காசில் முதலில் தேய்வது மேடான இடங்களே. ஆகவே சிங்கத்தின் மூக்கையும் மார்பையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். அங்கு வழவழப்பான ஒரு தட்டை தென்பட்டால், அது எத்தனை பளபளத்தாலும் புழங்கிய காசே. அடுத்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக் காசை மெல்லச் சுழற்ற வேண்டும். புழங்காத காசாயின் ஒளிக்கற்றை ஒன்று வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல அதன் மேல் சுற்றி வரும். அச்சு பேரழுத்தத்தோடு தகட்டின்மேல் இறங்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த நகர்வு விட்டுச் செல்லும் கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளே அச்சுடரை உண்டாக்குகின்றன. சில நாள் கைமாறினாலே அக்கோடுகள் மழுங்கிவிடும். பிறகு எந்தத் தேய்ப்பாலும் எந்த மருந்தாலும் அவற்றை மீண்டும் கொண்டுவர இயலாது.

வெள்ளியை விடவும் பொன்னை விடவும் செம்பு தொட்டாற்சிணுங்கி. விரல் நுனியின் உப்பும் வியர்வையும் பட்டால் சில வாரங்களில் ரேகை கருநிறத்தில் பதிந்துவிடும். எனவே விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும். மட்டமான பிளாஸ்டிக் உறையில் இட்டால் அதிலிருந்து கசியும் பொருள் பச்சைப் பிசுபிசுப்பாய்ப் படரும். ரப்பர் வளையம் கட்டினால் அதன் கந்தகம் கருங்கோடு இழுத்துவிடும். ஈரம் பட்டால் களிம்பு ஏறும். செம்பில் களிம்பு என்பது சைவ சித்தாந்திகள் உயிரின் மாசுக்குச் சொன்ன உவமை. செம்பைப் பழகிப் பார்த்தவர்களே அவ்வுவமையைக் கண்டிருக்க முடியும். நம் தந்தையாரின் வெண்ணெய்த்தாள் ஆறு காசுகளைக் காத்தது. மடிப்பின் ஓரத்தில் இருந்த ஏழாவது காசு பழுப்பேறிப் போயிற்று. சேகரிப்பவர்கள் புழங்காத செப்புக் காசையும் சிவப்பு, சிவப்புப் பழுப்பு, பழுப்பு என மூன்றாகப் பிரிப்பார்கள். சிவப்புக்கே விலை மிகுதி.

இவற்றிலும் மேலான ஒன்று உண்டு. அதனைப் 'புரூஃப்' காசு என்பர். கடைத்தெருவுக்கென அடிக்கப்படாமல், அச்சின் திறத்தைக் காட்டவும் பரிசளிக்கவும் சேகரிப்போருக்கு அளிக்கவும் அடிக்கப்படுவது. அச்சும் மெருகூட்டப்பட்டது, தகடும் மெருகூட்டப்பட்டது, நிதானமாக ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி எடுக்கப்படுவது. வெற்றிடம் கண்ணாடி போல் முகம் காட்டும். உருவமோ பனி படர்ந்தாற்போல் மங்கி நிற்கும். விளிம்பு கத்தி போலக் கூர்மையாய் இருக்கும். குடியரசின் முதற் காசுகள் 1950இல் வந்தபோது பம்பாய் அக்கசாலை சிறு எண்ணிக்கையில் அத்தகைய தொகுதிகளையும் ஆக்கிற்று. அவற்றில் ஒன்றாகிய, குதிரை உருவம் பொறித்த ஒரு பைசாவை, சென்னை மூர் மார்க்கெட்டில் அது 1985இல் எரிந்துபோவதற்கு முன் நமது முதற் சேமிப்பைக் கொண்டு வாங்கினோம். பல ஆண்டுகள் நம் பெட்டியின் முடிமணியாய் இருந்தது அதுவே.

காசின் தரத்தை எண்ணால் அளக்கும் முறை அமெரிக்காவில் தோன்றியது. அந்நாட்டில் 1793 முதல் அடிக்கப்பட்ட பெரிய செப்புச் சதங்களை ஆராய்ந்த வில்லியம் ஷெல்டன் என்பார் 1949இல் ஒன்று முதல் எழுபது வரையிலான ஓர் அளவையை வகுத்தார். உருத்தெரியாமல் தேய்ந்தது ஒன்று. குறையே அற்றது எழுபது. அறுபதும் அதற்கு மேலும் புழங்காதவை. எழுபதாம் தரக் காசு முதல் தரக் காசைப் போல் எழுபது மடங்கு விலைபெறும் என்பதே அவர் கணக்கு. விலை அந்தக் கணக்கைத் தாண்டிச் சென்றுவிட்டது. எண் மட்டும் நிலைத்துவிட்டது. அந்த அமெரிக்கச் சதமும் இன்று பழங்கதையாகி வருகிறது. புழக்கத்திற்கான ஒரு சதத்தை அடிப்பதை அந்நாடு 2025 நவம்பரில் நிறுத்திவிட்டது. ஒரு சதத்தை ஆக்க அதன் மதிப்பைவிடப் பன்மடங்கு செலவானதே காரணம்.

இங்கே ஓர் ஐயம் நம்மை நெடுநாள் உறுத்தியதுண்டு. காசு எதற்காகப் பிறந்தது? கை மாறுவதற்காக. அந்தத் தொழிலை ஒருநாளும் செய்யாத காசை உயர்ந்ததென்றும், செய்து தேய்ந்த காசைத் தாழ்ந்ததென்றும் கூறும் அளவை எப்படிப்பட்ட அளவை? ஆலயக் காணிக்கைப் பெட்டியில் கைம்பெண் இட்ட இரண்டு செப்புக் காசுகளை நாம் அனைவரும் அறிவோம். அவை நிச்சயமாய்த் தேய்ந்த காசுகளாகவே இருந்திருக்கும். ஏழையின் கையில் புதுக்காசு தங்குவதில்லை. ஷெல்டனின் அளவையில் அவற்றுக்கு என்ன எண் கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்த்துச் சிரித்ததும் உண்டு. ஆயினும் பெட்டியைத் திறந்து அந்தச் சிவந்த சுடரைக் காணும்போது ஐயமெல்லாம் ஓடிவிடும். அழகு தன்னைப் பற்றிய கேள்விகளுக்கு விடை சொல்வதில்லை.

புழங்கிய காசுகளும் நம் பெட்டியில் இல்லாமற் போகவில்லை. தேடாமலே வந்து சேர்ந்தவை அவை. இரண்டாம் உலகப் போரின்போது செம்பை மிச்சப்படுத்த 1943 முதல் நடுவில் துளையிட்டு அடித்த ஓட்டைக் காலணா நான்கு உண்டு. அவற்றைக் குழந்தைகளின் அரைஞாண் கயிற்றில் கோத்ததையும், திருகாணிக்கு வாசராக மாட்டியதையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அடித்த துட்டு ஒன்று உண்டு. ஒருபுறம் அவர்களது லில்லி மலர்; மறுபுறம் 'புதுச்சேரி' என்று தமிழெழுத்து. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, 1964 ஒப்பந்தத்திற்குப் பின் திரும்பிவந்த ஒரு மூதாட்டி கொடுத்த சதக் காசு ஒன்றும் உண்டு. நடுவே பனையினத்து மரம்; அதன் இருபுறமும் சிங்களமும் தமிழும். அந்த மூதாட்டி நாற்பதாண்டு உழைப்பிலிருந்து கொண்டுவந்த செம்பு அது ஒன்றே. அதற்கு எண் இடும் துணிவு நமக்கு இருந்ததில்லை.

இனிச் சொல்ல வந்த காசைப் பற்றிச் சொல்வோம். அது நம் பெட்டியில் இருந்ததன்று. தமையனார் வீட்டில், அன்னையின் அஞ்சறைப் பெட்டியில் இருந்தது. பாட்டி வழியில் அன்னைக்கு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்கென அடித்த இருபது காசு, ஆண்டு 1808. அந்நாளில் இங்கே ரூபாயே பெருங்கணக்கு அன்று. நட்சத்திரப் பகோடா என்னும் வராகனுக்கு நாற்பத்திரண்டு பணம். பணம் ஒன்றுக்கு எண்பது காசு. ஆகவே இந்தச் செப்பு வட்டங்கள் நான்கு சேர்ந்தால் ஒரு பணம். தமிழ்க் 'காசு'தான் ஐரோப்பியர் வாயில் 'கேஷ்' ஆகி அக்காசின்மேலேயே ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கிறது. ஒருபுறம் இரு சிங்கங்கள் தாங்கும் கம்பெனியின் சின்னம். மறுபுறம் பாரசீக வாசகம்.

இவை சென்னையில் அடிக்கப்பட்டவை அல்ல. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகே மாத்யூ போல்டன் நிறுவிய சோஹோ அக்கசாலையில், நீராவிப் பொறியால் அடிக்கப்பட்டு, பீப்பாய்களில் அடைக்கப்பட்டுக் கப்பலேறி வந்தவை. 1808ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்டனர்' என்னும் கப்பல், 1809 சனவரியில் புயலில் சிக்கிக் கென்ட் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. சென்னைக் கடைத்தெருவில் உப்புக்கும் புளிக்கும் கைமாற வேண்டிய செம்பு கடலடியில் கிடந்தது. 1980களில் அந்தக் கப்பல் கண்டறியப்பட்டு இலட்சக்கணக்கான காசுகள் வெளியே எடுக்கப்பட்டன. பீப்பாயின் ஓரத்தில் இருந்தவற்றை உப்புநீர் அரித்துவிட்டது. நடுவில் இறுகிக் கிடந்தவையோ அடித்த அன்றைய கூர்மையோடு வெளிவந்தன. 1808ஆம் ஆண்டின் கூர்மை குன்றாத காசு என்று இன்று சேகரிப்போரிடம் உள்ளவற்றுள் பல அந்தக் கப்பலின் காசுகளே. வந்து சேராததால் பிழைத்தவை அவை. வந்து சேர்ந்தவற்றுள் ஒன்று நம் பாட்டியின் கைக்கு வந்தது.

மூன்றாண்டுகளுக்கு முன் தமையனாருக்கு ஒரு நெருக்கடி நேர்ந்தது. மல்லாட்டை பிடுங்கிக் காய வைத்த வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. காய் முளைவிட்டுப் போயிற்று. விதைக்கும் உரத்துக்குமாக அண்ணியாரின் தாலிச் சங்கிலி அடகில் இருந்தது. தவணை கடந்து ஏல அறிவிப்பும் வந்துவிட்டது. அந்நாட்களில் திண்டிவனத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் நம்மிடம் காசு பார்க்கக் கற்க வருவதுண்டு. ஒரு ஞாயிறு அவரை அனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்றோம். அன்னையின் காசைக் கண்டதும் அவர் கண் விரிந்தது. செங்காவியாய் மின்னிய அது புழங்காத காசே என்று முடிவு கட்டிவிட்டார். அவர் தருவதாகச் சொன்ன தொகை, சங்கிலிக்கு வட்டியைக் கட்டி மறு அடகு வைக்கவும் அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கவும் போதுமானது. ஆனால் ஒரு நிபந்தனை: “ஐயா பார்த்து ஒரு சொல் சொன்னால் போதும்.”

இளைஞர் சென்ற பின் தமையனார் நம்மைத் திண்ணைக்கு அழைத்தார். “தம்பி, நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். பளபளன்னுதானே இருக்கு? பளபளன்னு இருக்குன்னு மட்டும் சொல்லு” என்றார். அவர் நம்மைப் படிக்க வைத்தவர். தந்தையார் மறைந்த பின் தம் படிப்பை நிறுத்திக்கொண்டு ஏர் பிடித்தவர். அவர் நம்மிடம் ஒன்றைக் கேட்டது அதுவே முதல் முறை.

அன்றிரவு மேசை விளக்கைச் சாய்த்து வைத்து அக்காசைப் பார்த்தோம். சுழற்றினோம், சக்கரம் சுழலவில்லை. ஒளி நகராமல் முழுப்பரப்பிலும் ஒரேபடியாய்த் தேங்கி நின்றது. சிங்கங்களின் பிடரி வழவழத்திருந்தது. சின்னத்தின் நடுவே உள்ள சிலுவைக் கோடுகள் மேட்டில் அழிந்திருந்தன. பெருக்கிக் கண்ணாடியில் நுண்ணிய கீறல்கள் வட்டம் வட்டமாய்த் தெரிந்தன. கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தேய்த்த தடம் அது. எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பழைய கருமை தங்கியிருந்தது. தட்டார் தராசில் நிறுத்தபோது எட்டரைக் கிராம்கூட இல்லை. புதிதாய் அடித்தபோது ஒன்பதுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். குறைந்த அந்தச் செம்பு இருநூறு ஆண்டில் எத்தனையோ பேர் விரல்களில் ஒட்டிச் சென்றது. பளபளப்பின் காரணமும் விளங்கிவிட்டது. ஆண்டுதோறும் பொங்கலுக்கும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் முன்னர் அன்னை செப்புக் குடத்தையும் சொம்பையும் புளியிட்டுத் துலக்குவார். அப்போது அந்தக் காசையும் துலக்கிவிட்டுத்தான் எழுவார். சேகரிப்போர் பேச்சில், தேய்த்துத் துலக்கிய காசு என்றால் பாதி செத்த காசு.

நம் முன் கிடந்த கேள்வி காசைப் பற்றியதன்று. அதன் விடை விளக்கொளியில் தெளிவாகவே தெரிந்தது. ஒருபக்கம் ஏல அறிவிப்பு. மறுபக்கம், கண்ணை நம்மிடம் ஒப்படைத்துவிட்ட ஓர் இளைஞர். 'பளபளவென்று இருக்கிறது' என்ற சொல்லில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. அச்சொல் போய்ச் சேரும் இடத்திலேதான் பொய்யாகிறது. இதை அறிந்தபின் அதைச் சொல்ல நாவு எழவில்லை. மறுநாள் இளைஞருக்குக் கண்டதைக் கண்டபடியே காட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி, வாங்காமற் போய்விட்டார். தமையனாரிடம் நாமே சென்று சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. துண்டை உதறித் தோளிலிட்டவாறே, “காசு பார்க்கிறவனுக்கு நாணயம் வந்துட்டுது. எனக்குத்தான் காசு வரலே” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனார்.

காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. மேடையில் கேட்கும்போது அது இனிய சிலேடையாய் இருக்கும். திண்ணையில் உடன்பிறந்தவர் வாயிலிருந்து வரும்போது தைக்கும். உண்மையைச் சொன்னவனுக்கு நிறைவு கிட்டும் என்பார்கள். நமக்கு அன்று கிட்டியது உறக்கமற்ற இரவுகளே. நாம் காத்த நாணயத்துக்கு விலை கொடுத்தவர் அண்ணியார். பிறர் சங்கிலியைக் கொண்டு நம் மனச்சான்றுக்கு மெருகூட்டிக்கொள்வதும் ஒருவகைத் துலக்கல்தானே?

இரண்டு வாரம் கழித்து, நம் பெட்டியிலிருந்த 1950ஆம் ஆண்டின் அந்தக் குதிரைப் பைசாவை இளைஞரிடம் காட்டினோம். அவர் தாமே விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். விளிம்பைத் தடவாமல் நோக்கினார். வெற்றிடத்தில் தம் கண் தெரிவதைக் கண்டார். விலை பேசாமல் வாங்கிக்கொண்டார். அந்தத் தொகையைத் தமையனார் எண்ணிப் பார்க்காமல் வாங்கி அண்ணியாரிடம் கொடுத்தார். விதைக்கு ஆகவில்லை, வட்டிக்கு ஆயிற்று. மீதிக்கு ஒரு கறவை மாட்டை விற்றார். சங்கிலி அடுத்த அறுவடைக்குப் பின் மீண்டது. பைசாவை விற்றதில் வருத்தம் உண்டா என்றால், உண்டு. இன்றும் பெட்டியில் அந்த வட்டமான வெற்றிடத்தில் கண் போய் நிற்கும். ஆயினும் எவர் கையிலும் புழங்காதிருக்கவென்றே பிறந்த ஒரு காசு, தன் வாழ்நாளில் ஒருமுறை கைமாறி ஓர் ஏலத்தை நிறுத்தியது. காசின் வேலையை அது செய்தது.

இப்போது நாம் புழங்காத காசுகளை வெறுத்துவிட்டோம் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். தந்தையாரின் ஆறு சிவந்த காசுகளும் வெண்ணெய்த்தாளுக்குப் பதில் நல்ல உறைகளில் பத்திரமாய் உள்ளன. ஒரு காலத்துச் செம்பின் முகம் இப்படித்தான் இருந்தது என்பதற்கு அவையே சாட்சி. சாட்சி சொல்வதற்குச் சிலர் விலகி நிற்கத்தான் வேண்டும். ஆனால் அளவையைக் கொண்டுபோய் எல்லாக் காசின் மீதும் வைப்பதை விட்டுவிட்டோம். தேய்ந்த காசைக் கையில் எடுத்தால் இப்போது முதலில் எண்ணிப் பார்ப்பது, எந்த இடம் தேய்ந்திருக்கிறது, எத்தகைய விரல்கள் அதைத் தேய்த்திருக்கும் என்பதையே.

சென்ற பொங்கலுக்கு முதல் நாள் அனந்தபுரத்தில் இருந்தோம். கொல்லையில் தமையனார் குந்தி அமர்ந்து செப்புக் குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்தார். அன்னை போன பின் அந்த வேலையை அவரே எடுத்துக்கொண்டாராம். குடம் முடிந்தது, சொம்பு முடிந்தது. பிறகு மடியிலிருந்து அந்த இருபது காசை எடுத்து, ஒரு சுளைப் புளியை வைத்துக் கட்டைவிரலால் வட்டம் வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினார். செப்புக் காசைத் துலக்கலாகாது என்று நாற்பது ஆண்டுகளாக ஊரெல்லாம் சொல்லிவந்த நாம் அருகில் நின்றோம். ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அவர் கையில் வார்த்தோம்.